தைமஸ் சுரப்பி பெருத்தல்: அச்சமும் உண்மையும்

எமது வைத்தியசாலைகளில் ஸ்கேன் பரிசோதனை அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. நெஞ்சறையின் முன்பகுதியில், மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு 'மாஸ்' தென்படுகின்றது என்ற வரி அவ்வறிக்கையில் இருக்குமானால், நோயாளி வைத்திய நிபுணரைக் காண்பதற்கு முன்னரே குடும்பத்தில் ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவர் அதனைக் 'கட்டி' என மொழிபெயர்த்துக் கூறிவிடுகின்றார். கட்டி என்ற சொல் எமது மக்களிடையே பெற்றுள்ள பொருள் யாவரும் அறிந்ததே. அன்றிரவு முதல் அவ்வீட்டில் புற்றுநோயைத் தவிர வேறு பேச்சு இருப்பதில்லை.

அந்த இடத்தில் புற்றுநோய் தோன்றுவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே இடத்தில் இயற்கையாகவே அமைந்துள்ள ஒரு சுரப்பி, புற்றுநோய் எதுவுமின்றிப் பெருத்துக் காணப்படுவதும் உண்டு. தைமஸ் எனப்படும் அச்சுரப்பியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அது பெருப்பதன் காரணங்கள் யாவை, உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்களுடனும் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயுடனும் அதற்குள்ள தொடர்பு எத்தகையது என்பவற்றை நாம் இங்கு நோக்குவோம். இவற்றோடு, இச்சுரப்பியைத் தவறாக விளங்கிக்கொண்டதால் மருத்துவ உலகம் ஒருகாலத்தில் இழைத்த பெருந்தவறொன்றையும் கூறவேண்டியுள்ளது. இன்றைய எச்சரிக்கைகளுக்கான நியாயம் அந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கின்றது.

தைமஸ் இரு மடல்களைக் கொண்ட மென்மையான சுரப்பி. இருதயத்துக்கும் அதிலிருந்து எழுகின்ற பெருங்குருதிக் குழாய்களுக்கும் முன்னால் அது படிந்திருக்கின்றது. பிறக்கும்போது ஏறத்தாழ 15 கிராம் நிறையுடைய இது, பூப்பெய்தும் பருவத்தில் 30 முதல் 40 கிராம் வரை வளர்ந்து, அதன் பின்னர் சிறிது சிறிதாகச் சுருங்கி, அதன் இழையம் கொழுப்பாக மாறிவிடுகின்றது. இளம் ஆட்டை அறுத்துச் சுத்தம் செய்பவர்கள் இருதயத்துக்கு மேலே காணும் வெளிர்நிறமான மென்தசை இதுவே. முதிர்ந்த ஆட்டில் அவ்விடத்தில் பெரும்பாலும் கொழுப்பே எஞ்சியிருக்கும். சிறுவயதில் பெரிதாகவும் முதுமையில் சிறிதாகவும் இருக்கும் உறுப்பு இது என்பதைக் கிரேக்க மருத்துவரான கலன் கி.பி. 2 ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்.

வயதோடு மட்டுமன்றி உடல்நிலையோடும் இதன் அளவு மாறுகின்றது. காய்ச்சல், பட்டினி, தீக்காயம், பெரிய சத்திரசிகிச்சை, ஸ்டீரொயிட் மருந்து ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் சில நாட்களுக்குள்ளேயே தைமஸ் சுருங்கத் தொடங்கிவிடும். பின்னர் லண்டன் மாநகரின் சுகாதார வைத்திய அதிகாரியாகப் பெயர்பெற்ற ஜோன் சைமன், 1845 இல் இச்சுரப்பி பற்றி எழுதிய ஆய்வுநூலில், உடலின் போஷாக்கைக் காட்டும் பாரமானி இதுவெனக் கருதியிருந்தார். ஆகவே ஒருவரின் தைமஸ் 'பெருத்துள்ளது' என்று கூறுபவரிடம் எதனோடு ஒப்பிடும்போது பெருத்துள்ளது என்ற வினாவை முதலில் எழுப்பியாக வேண்டும். இந்த வினா கேட்கப்படாமல் போனதன் விளைவைத்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்லாயிரம் குழந்தைகள் அனுபவித்தனர்.

நல்ல தேகநலத்துடன் இருந்த குழந்தை திடீரென இறந்துவிடுவதும், பிரேத பரிசோதனையில் பெரிய தைமஸ் காணப்படுவதும் 17 ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவாகி வந்துள்ளன. சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர் பீலிக்ஸ் பிளாற்றர் 1614 இல் அத்தகைய மரணமொன்றைக் குறிப்பிட்டிருக்கின்றார். பெரிய தைமஸ் மூச்சுக்குழலை அழுத்திக் குழந்தையைக் கொல்கின்றது என்ற கொள்கை 1830 அளவில் ஜேர்மனியில் 'தைமஸ் ஆஸ்துமா' என்ற பெயரோடு பரவிற்று. அப்படியொரு நோயே இல்லையென 1858 இல் பிரீட்லெபன் என்ற ஜேர்மனிய மருத்துவர் மறுத்துரைத்தும் பயன் விளையவில்லை. 1889 இல் வியன்னாவைச் சேர்ந்த பல்டாவ், அழுத்தம் இல்லாவிட்டாலும் பெரிய தைமஸும் பெருத்த நிணநீர்க் கணுக்களும் உடையோர் பிறவியிலேயே பலவீனமான உடலமைப்பைப் பெற்றவர்கள், சிறு அதிர்ச்சியிலும் இறந்துவிடக்கூடியவர்கள் என்ற புதிய விளக்கத்தை முன்வைத்தார்.

இவ்விளக்கம் பலருக்கு வசதியாக அமைந்துவிட்டது என்றே கூறவேண்டும். குளோரபோம் கொடுக்கப்பட்ட நிலையில் சத்திரசிகிச்சை மேசையிலேயே நோயாளி இறந்தால், மயக்கமருந்தின் அளவையோ அதனைக் கொடுத்தவரின் திறமையையோ ஆராயவேண்டிய அவசியம் எழவில்லை. பிரித்தானியாவின் மரண விசாரணை மன்றுகளில் குற்றம் தைமஸின் மீதே சுமத்தப்பட்டது. பேசமுடியாத ஓர் உறுப்பைவிடச் சிறந்த குற்றவாளி வேறெங்கே கிடைக்கப்போகின்றான்?

அமெரிக்காவில் 1907 இல் பிரீட்லாண்டர் என்ற மருத்துவர் பெருத்த தைமஸை எக்ஸ் கதிர்களால் சுருங்கச் செய்யலாம் என்று அறிக்கையிட்டார். கதிர் பட்டவுடன் தைமஸ் சுருங்கியது உண்மையே. சுரப்பி சுருங்கியதையே நோய் குணமானதற்குச் சான்றாக எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். அடுத்துவந்த நான்கைந்து தசாப்தங்களில், மூச்சுவிடும்போது சத்தம் கேட்ட குழந்தைகளுக்கு மட்டுமன்றி, தொண்டைச் சதை வெட்டுவதற்கு முன்னர் முன்னெச்சரிக்கையாகவும், சில இடங்களில் எந்தக் குறையுமற்ற பச்சிளம் குழந்தைகளுக்கும் கூட மார்பில் கதிர் பாய்ச்சப்பட்டது.

இக்குழந்தைகளின் தைமஸ் உண்மையில் பெருத்திருக்கவேயில்லை. அவை இயல்பான அளவிலேயே இருந்தன. அளவுகோல்தான் பிழையாக இருந்தது. உடற்கூற்றியலாளர்கள் வெட்டி ஆராய்ந்த உடல்கள் எங்கிருந்து வந்தன என்பதை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். பிரித்தானியாவில் 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம், ஏழைகள் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உரிமைகோர எவருமற்றுக் கிடந்தவர்களின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்க வழிசெய்தது. பட்டினியாலும் நீண்ட நோயாலும் வாடி இறந்த அந்த ஏழைக் குழந்தைகளின் தைமஸ் இறப்பதற்கு முன்னரே சுருங்கிப்போயிருந்தது. அந்தச் சுருங்கிய அளவே பாடநூல்களில் 'இயல்பான அளவு' எனப் பதியப்பட்டது. நோயில் வாடாமல் திடீரென இறந்த குழந்தையின் முழு வளர்ச்சிபெற்ற தைமஸ், அந்த அளவுகோலால் பார்த்தபோது வீங்கியதாகத் தெரிந்தது. வறியோரின் பசி, வளமானோரின் குழந்தைகளுக்கு ஒரு நோயைக் கற்பித்துக் கொடுத்தது எனலாம்.

சுவீடனின் உப்சாலாவில் ஹம்மார் என்ற பேராசிரியர் விபத்தில் இறந்தோரின் தைமஸ் நிறைகளைப் பொறுமையாகத் திரட்டி இத்தவறைச் சுட்டிக்காட்டினார். பிரித்தானியாவில் இதற்கென அமைக்கப்பட்ட ஆய்வுக்குழு நூற்றுக்கணக்கான பிரேத பரிசோதனைகளை ஆராய்ந்து, இத்தகைய நோயொன்று இருப்பதற்குச் சான்றில்லையென 1931 இல் முடிவுரைத்தது. ஆயினும் அட்லாண்டிக்கின் மறுகரையில் கதிர் பாய்ச்சுவது 1950 கள் வரை தொடர்ந்தது.

விலை கொடுக்கவேண்டிய காலமும் வந்தது. குழந்தையின் சிறிய மார்பில் பாய்ச்சிய கதிர் மார்போடு நிற்பதில்லை. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியும் அதற்குள் அகப்பட்டுவிடும். நியூயோர்க்கில் தைரொயிட் புற்றுநோய்க்கு ஆளாகிய 28 சிறுவர்களை ஆராய்ந்த இரு மருத்துவர்கள், அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் குழந்தைப் பருவத்தில் தைமஸுக்காகக் கதிர்சிகிச்சை பெற்றவர் என 1950 இல் அறிவித்தனர். நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரப் பகுதியில் 1926 தொடக்கம் 1957 வரை இவ்வாறு கதிர் பெற்ற 2,600 க்கும் மேற்பட்டோர், அதனைப் பெறாத அவர்களது சகோதர சகோதரிகளுடன் ஒப்பிடப்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்காணிக்கப்பட்டு வந்தனர். தைரொயிட் புற்றுநோயும், பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் கதிர் பெற்றோரில் கூடுதலாகக் காணப்பட்டன. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர்களது தைரொயிட் புற்றுநோய் அபாயம் முற்றாக நீங்கியிருக்கவில்லை.

இவ்வளவும் நடந்த காலத்தில் தைமஸ் என்ன தொழிலைச் செய்கின்றது என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை என்பது இன்னொரு வியப்பு. லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், பிறந்த உடனேயே தைமஸ் அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் தொற்றுநோய்களுக்கு இரையாவதையும், வேற்று எலியின் தோலை ஒட்டினால் அதனை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதையும் 1961 இல் கண்டறிந்தார். உடலின் நிர்ப்பீடன ஆற்றலுக்கு அடித்தளமிடும் உறுப்பு தைமஸ் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவார் கூட, தைமஸில் நிணநீர்க்கலங்கள் நிறைந்திருப்பதைக் கூர்ப்பின் தற்செயல் என்றே சில காலம் எண்ணியிருந்தார்.

எலும்பு மச்சையில் தோன்றும் இளங்கலங்கள் தைமஸுக்கு வந்து, அங்கு பயிற்சிபெற்று, ரி கலங்களாக வெளியேறுகின்றன. அப்பெயரில் வரும் 'ரி' தைமஸின் முதலெழுத்தேயாகும். அங்கு அவற்றுக்கு இரு சோதனைகள் வைக்கப்படுகின்றன. உடலின் அடையாளக் குறிகளை இனங்காணத் தெரியவேண்டும் என்பது முதலாவது. உடலின் சொந்தப் பொருட்களைத் தாக்க முனையக்கூடாது என்பது இரண்டாவது. எமது மாணவர் எழுதும் எந்தப் பரீட்சையும் இதன் கடுமைக்கு ஈடாகாது. நூற்றுக்கு 95 க்கும் மேற்பட்ட கலங்கள் தேறாமல் தைமஸுக்குள்ளேயே அழிக்கப்படுகின்றன. இரண்டாவது சோதனை பழுதுபடும்போது, சொந்த உடலையே எதிரியாகக் கருதும் கலங்கள் தப்பி வெளியேறிவிடுகின்றன. தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் தைமஸுக்கும் உள்ள உறவின் வேர் இங்குதான் இருக்கின்றது.

இன்று மருத்துவர்கள் தைமஸின் தீங்கற்ற பெருக்கத்தை இரு வகையாகப் பிரிக்கின்றனர். சுரப்பியின் உள்ளமைப்பு மாறாமல் அளவு மட்டும் கூடியிருப்பது ஒன்று. அளவு கூடியோ கூடாமலோ, சுரப்பிக்குள் பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கும் பி கலங்களின் முளைமையங்கள் உருவாகியிருப்பது மற்றையது. பின்னையது நுணுக்குக்காட்டியின் கீழேயே உறுதியாகும். ஸ்கேன் படத்தில் தைமஸ் இயல்பாகவே தெரியலாம். தன்னுடல் தாக்கு நோய்களோடு மிக நெருங்கிய உறவுடையது இந்த இரண்டாவது வகையே.

முதல் வகையின் தலையாய உதாரணம் மீளெழுச்சியாகும். கடும்நோயின்போதோ புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின்போதோ சுருங்கிய தைமஸ், அந்த நெருக்கடி நீங்கியதும் மீண்டும் வளர்கின்றது. சிலரில் பழைய அளவையும் தாண்டி, அதிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருத்துவிடுகின்றது. மருந்துச் சிகிச்சை பெற்ற நோயாளர்களில் 10 முதல் 25 வீதமானோரில் இது காணப்படுவதாகக் கூறப்படுகின்றது. பெரும்பாலும் சிறுவர்களிலும் இளவயதினரிலுமே இது நிகழ்கின்றது. உடல் தேறிவருவதன் அடையாளமாகிய இது, பார்ப்பவருக்கோ நோய் திரும்பிவிட்டதன் அடையாளமாகத் தெரிகின்றது. இதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

தைரொயிட் சுரப்பி அளவுமீறிச் செயற்படும் கிரேவ்ஸ் நோயிலும் தைமஸ் பெருப்பதுண்டு. தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனுக்கான வாங்கிகள் தைமஸ் இழையத்திலும் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. தைரொயிட்டை இடைவிடாது தூண்டும் அதே பிறபொருளெதிரிகள் தைமஸையும் வளரச் செய்கின்றன என்பது ஒரு விளக்கம். உடல் மெலிவு, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், கண்கள் பிதுங்குதல் ஆகியவற்றோடு வரும் இளம் பெண்ணின் ஸ்கேன் படத்தில் தைமஸ் பெருத்திருந்தால் முதலில் செய்யவேண்டியது தைரொயிட் குருதிப் பரிசோதனையே. தைரொயிட் நோய்க்கு மருந்து கொடுத்துச் சில மாதங்கள் காத்திருந்தால் பெரும்பாலானோரில் தைமஸ் தானாகவே சுருங்கிவிடுகின்றது. மார்பெலும்பைப் பிளந்து அதனை அகற்றிய பின்னர் உண்மை தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. லூப்பஸ், முடக்குவாதம், அடிசன் நோய் ஆகியவற்றிலும் தைமஸ் மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. ஆயினும் அந்நோய்களின் சிகிச்சையில் தைமஸுக்குப் பெரிய இடமில்லை.

தைமஸுக்கு உண்மையிலேயே முக்கிய இடமுள்ள நோய் மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைச்சோர்வு நோயாகும். நரம்பிலிருந்து வரும் செய்தியைத் தசை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகளை உடலின் பிறபொருளெதிரிகளே தாக்கி முடக்குவதால் இது உண்டாகின்றது. காலையில் ஓரளவு நன்றாயிருக்கும் நோயாளிக்கு மாலையில் இமை தொங்கிவிடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சோறு மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். பேசப்பேசக் குரல் மூக்கால் வரும். பாரிசவாதமெனவும் மனக்கோளாறு எனவும் எண்ணி அலைக்கழிந்தபின் நரம்பியல் நிபுணரிடம் வந்துசேர்வோர் இன்றும் உளர். நோய் முற்றினால் மூச்சுத்தசைகளும் செயலிழக்கும் என்பதால் இது சிறிதாக எண்ணத்தக்கதன்று.

இளவயதில் இந்நோய்க்கு ஆளாகி, வாங்கிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கொண்டிருப்போரில் மூவரில் இருவரளவில் தைமஸில் முளைமையங்கள் காணப்படுகின்றன. அவர்களுள் பெண்களே அதிகம். நோயாளர்களில் இன்னும் 10 முதல் 15 வீதமானோரில் தைமோமா எனப்படும் உண்மையான தைமஸ் கட்டி இருக்கின்றது. தைமஸுக்குள் தசைக்கலத்தை ஒத்த சில கலங்கள் இயல்பாகவே உள்ளன. தசை வாங்கியைப் போன்ற புரதம் அவற்றிலும் இருப்பதால், தசைக்கு எதிரான போர் தைமஸுக்குள்ளேயே தொடங்குகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வுறவு முதலில் வெளிப்பட்டது ஒரு தற்செயலால். 1911 அளவில் சூரிச் நகரில் சவர்புரூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தைரொயிட் மிகைச்செயற்பாடும் தசைச்சோர்வும் ஒருங்கே கொண்ட பெண்ணொருவரின் பெருத்த தைமஸை அகற்றினார். தைரொயிட் நோயைக் கருதிச் செய்யப்பட்ட அச்சிகிச்சையில் தேறியதோ தசைச்சோர்வு. 1936 இல் அமெரிக்காவில் அல்பிரட் பிளாலொக், தைமஸில் கட்டியுடன் இருந்த இளம் பெண்ணொருவருக்குச் சத்திரசிகிச்சை செய்து நல்ல பலன் கண்டார். பின்னர் கட்டியற்ற நோயாளர்களுக்கும் அதனை விரிவுபடுத்தினார். ஆனால் இது மெய்யாகவே பயனளிக்கின்றதா என்பதை முறையான பரீட்சார்த்தத்தின் மூலம் நிறுவ மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. அதற்காக உலகின் பல நாடுகளிலுள்ள நிலையங்களை ஒன்றிணைப்பதில் முன்னின்ற ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஜோன் நியூசம்-டேவிஸ், அப்பணியின் நிமித்தம் ருமேனியாவுக்குச் சென்றிருந்தபோது 2007 இல் வீதி விபத்தில் உயிரிழந்தார். 36 நிலையங்களில் 126 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட அவ்வாய்வின் முடிவு 2016 இல் வெளியானது. தைமஸ் அகற்றப்பட்டவர்கள் மூன்று ஆண்டுகளில் கூடுதல் தசைவலுவைப் பெற்றதோடு, ஸ்டீரொயிட் மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆகவே ஒரே பெருத்த தைமஸ், ஒரு நோயில் அகற்றப்படவேண்டியதாகவும் மற்றொன்றில் தொடக்கூடாததாகவும் இருக்கின்றது. அளவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது.

இனி லிம்போமா. மார்பறையின் முன்பகுதியில் தோன்றும் ஹொட்ஜ்கின் வகை, இளம் பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கும் பெரிய பி கல வகை, சிறுவரிலும் விடலைப் பருவத்தினரிலும் மிக விரைவாக வளரும் ரி கல வகை ஆகியவை தைமஸையும் அதன் அயலையும் பற்றிப் பெருகக்கூடியவை. தைமஸின் தீங்கற்ற பெருக்கம் இவற்றுக்கு முன்னோடி நிலையாகக் கருதப்படுவதில்லை. பெருத்த தைமஸ் காலப்போக்கில் லிம்போமாவாக மாறும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. தன்னுடல் தாக்கு நோயிலிருந்து லிம்போமா கிளைவிடும் அரிய வழியொன்று மட்டும் உண்டு. கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரன் நோயுடையோரில், குறிப்பாகக் கிழக்காசியப் பெண்களில், தைமஸில் மெதுவாக வளரும் பி கல லிம்போமா தோன்றியமை பதிவாகியுள்ளது.

எனவே இவ்விரண்டுக்கும் இடையிலான பெரும் பிரச்சினை, ஒன்று மற்றொன்றாகத் தோற்றமளிப்பதேயாகும். ஹொட்ஜ்கின் லிம்போமாவுக்குச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த பதினைந்து வயது மாணவனொருவனை எண்ணிப் பார்ப்போம். ஆறு மாதத்தின் பின் செய்த ஸ்கேன் பரிசோதனையில் மார்பெலும்பின் பின்னால் மீண்டும் ஒரு பெருக்கம். கதிரியக்கச் சீனியை ஏற்றிச் செய்யும் 'பெட்' ஸ்கேனிலும் அது ஒளிர்கின்றது. மீளெழும் தைமஸும் சுறுசுறுப்பாக வளர்வதால் சீனியை உறிஞ்சத்தான் செய்யும். பெற்றோருக்கோ உலகம் இருண்டுவிடுகின்றது. அவசரப்படும் வைத்தியர் சத்திரசிகிச்சைக்கோ, இன்னும் கடுமையான மருந்துச் சுற்றுக்கோ நாள் குறித்துவிடக்கூடும். இரண்டும் உண்மையில் தேவைப்படலாம். இரண்டுமே தேவையற்றுப் போகவும் கூடும்.

வேறுபடுத்தும் வழிகள் உண்டு. பெருத்த தைமஸ் தன் முக்கோண வடிவத்தையும் இரு மடல்களையும் இழப்பதில்லை. அதன் விளிம்பு ஒழுங்காக இருக்கும். குருதிக் குழாய்களை அது தள்ளுவதில்லை. லிம்போமா முடிச்சு முடிச்சாக வளர்ந்து, அயலிலுள்ளவற்றை நெருக்கி, பெரும்பாலும் மற்றைய நிணநீர்க் கணுக்களையும் வீங்கச் செய்யும். ஐயம் தீராவிடின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒரு சிறப்பு முறை கைகொடுக்கின்றது. தைமஸ் இழையத்தில் கொழுப்பு நுண்ணியதாகக் கலந்திருப்பதால், நீரின் சமிக்ஞையும் கொழுப்பின் சமிக்ஞையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வகையில் எடுக்கப்படும் படத்தில் அது கறுத்துத் தெரியும். லிம்போமாவிலும் தைமோமாவிலும் அக்கொழுப்பு இல்லாமையால் அவை கறுப்பதில்லை. சிறுவரிலும், தைமஸ் இன்னும் கொழுப்பாக மாறத் தொடங்காத இளவயதினர் சிலரிலும் மட்டும் இச்சோதனை தெளிவான விடை தராமல் போகலாம். எம்.ஆர்.ஐ. வசதி எமது நாட்டில் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் எட்டியதொன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் மார்பெலும்பைப் பிளப்பதோடு ஒப்பிடுகையில், கொழும்புக்கோ கண்டிக்கோ ஒரு பயணம் பெரிய இழப்பாகாது.

பெருக்கம் எல்லா வயதினரிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையின் மார்பு எக்ஸ்ரே படத்தில் படகுப்பாயைப் போல விரிந்து தெரியும் தைமஸ் முற்றிலும் இயல்பானது. நாற்பது வயதைக் கடந்தவரில் புதிதாகத் தோன்றும் பெருக்கத்தை அவ்வாறு அலட்சியம் செய்ய முடியாது. அங்கு தைமோமா உண்டா எனத் தேடியாக வேண்டும். விடாத காய்ச்சல், ஆடை நனையும் இரவு வியர்வை, காரணமற்ற மெலிவு, முகமும் கழுத்தும் வீங்குதல், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை எவ்வயதினரில் காணப்பட்டாலும் காத்திருக்க நேரமில்லை. லிம்போமா என்ற ஐயம் வலுத்தால் முதலில் செய்யவேண்டியது ஊசி மூலம் சிறு இழையத்தை எடுத்துப் பரிசோதிப்பதாகும். லிம்போமா மருந்தால் குணப்படுத்தப்படுவதே ஒழிய வெட்டி அகற்றப்படுவதல்ல. அவ்விழையத்தை எடுப்பதற்கு முன்னர் ஸ்டீரொயிட் கொடுத்தால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி நோயின் அடையாளமே மறைந்துபோகலாம். எமது பகுதிகளில் காசநோயும் மார்பறைக் கணுக்களை வீங்கச் செய்கின்றது என்பதை மறத்தலாகாது.

தைமஸை அகற்றுவதால் வளர்ந்தவர்களுக்கு இழப்பேதுமில்லை என்பதே நீண்டகால நம்பிக்கையாக இருந்தது. பெரியோரில் அது கொழுப்புத்தானே என்று சத்திரசிகிச்சையின்போது வழியில் நின்ற தைமஸையும் எடுத்துவிடுவது வழக்கம். பொஸ்டன் நகர ஆய்வாளர் 2023 இல் வெளியிட்ட முடிவுகள் அந்நம்பிக்கையை அசைத்துவிட்டன. தைமஸ் அகற்றப்பட்ட 1,146 பெரியோரும், தைமஸை இழக்காமல் இருதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளான ஒத்த தன்மையினரும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து ஆண்டுகளில் முன்னைய பிரிவினருள் 8.1 வீதமானோர் இறந்தனர், பின்னையோரில் 2.8 வீதமானோரே இறந்தனர். புற்றுநோய்க்கு ஆளானோர் முறையே 7.4 வீதமும் 3.7 வீதமும் ஆவர். இது பழைய மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு என்பதால், தைமஸை அகற்றியதே முழுக் காரணம் என அடித்துக் கூற முடியாது. தைமோமாவுக்கும் தசைச்சோர்வு நோய்க்கும் சத்திரசிகிச்சையின் பயனை இது பொய்யாக்கவும் இல்லை. ஆனால் ஐயத்தின் பேரில் மட்டும் அகற்றுவதற்கு இனி வலுவான காரணம் காட்டவேண்டியிருக்கும். ஐயத்தின் பேரில் அகற்றப்பட்டவை சிறு தொகையல்ல. அமெரிக்க வைத்தியசாலைகளில் அகற்றப்பட்ட தைமஸ்களை ஆராய்ந்தவர்கள், நாலில் ஒன்றுக்கும் அதிகமானவை அகற்றப்படத் தேவையற்றவையாக இருந்ததைக் கண்டுள்ளனர்.

'மாஸ்' என்ற சொல்லுக்குக் 'கட்டி' என்பது சரியான தமிழன்று. கதிரியல் நிபுணர் அதனை எழுதும்போது, அவ்விடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ இருக்கின்றது என்பதற்கு மேல் எதையும் கூறவில்லை. 'பெருக்கம்' அல்லது 'வீக்கம்' என்று சொன்னால் போதுமானது.

எமது நோயாளர்கள் பழைய எக்ஸ்ரே படங்களையும் ஸ்கேன் இறுவட்டுக்களையும் பெரிய கடித உறையொன்றிலிட்டு வீட்டு அலுமாரியின் மேல் போட்டுவிடுவது வழக்கம். நோய் மாறியதும் அவற்றை எரித்துவிடுவோரும் உண்டு. தைமஸைப் பொறுத்தவரை அந்த உறையிலுள்ள முதற்படமே மிகப் பெறுமதியானது. சிகிச்சைக்கு முன்னர் சுரப்பி எவ்வளவாக இருந்தது, சிகிச்சையின்போது எவ்வளவு சுருங்கியது என்பது தெரிந்தாலன்றி, இப்போது காணும் பெருக்கம் மீளெழுச்சியா அல்லவா என்பதை எந்த நிபுணராலும் எளிதில் கூறிவிட முடியாது. மீளெழுச்சியாயின் சில மாதங்களின் பின் எடுக்கப்படும் அடுத்த படத்தில் அது பெருகாமல் நின்றோ சுருங்கத் தொடங்கியோ இருக்கும்.